புள்ளியும் பூச்சியமும்

எழுத்து என்னும் சொல்லை நாள்தோறும் வகுப்பறையில் ஆளுகின்ற தமிழாசிரியர் எவரும், அச்சொல்லுக்கு இனியொரு விளக்கம் வேண்டியிருக்கும் என்று எண்ணுவதில்லை. முதலெழுத்து முப்பது, சார்பெழுத்து மூன்று என்று தொல்காப்பியத்தைத் தொடங்குகிறோம். உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் எனக் கூட்டி 247 என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் கற்பிக்கிறோம். 'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்து என்று வினவினால் முதல் வகுப்புக் குழந்தையும் மூன்று என்று விடை பகரும். ஆனால் அதே வினாவைச் சி மொழியில் எழுதப்பெற்ற ஒரு சிறு நிரலிடம் கேட்டால், அது பதினைந்து என்கிறது. அந்தப் பதினைந்து எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுத முற்பட்டேன்.

தமிழ்த்துறையைச் சார்ந்தவனுக்குச் சி மொழியோடு என்ன உறவு என்று பெரியோர்கள் வினவக்கூடும். பகுதி ஒன்று தமிழ் பயில வரும் மாணவர்களுள் கணிப்பொறி அறிவியல் மாணவர்களே இப்பொழுது மிகுதி. அவர்கள் தம் முதலாண்டில் கற்கும் மொழிகளுள் தமிழும் ஒன்று, சியும் ஒன்று. ஒரே பிள்ளை இரண்டு மொழிக்கும் இலக்கணம் படிக்கிறான் எனில், மற்றொன்றின் இலக்கணம் யாது என்று அறிந்துகொள்ளும் ஆவல் ஆசிரியனுக்கு எழுவது இயல்பே. கெர்னிகன், ரிச்சி ஆகிய இருவரும் எழுதி 1978ஆம் ஆண்டில் வெளியான சி மொழி நூலை மாணவர் ஒருவரிடம் இரவல் பெற்றுப் படித்தேன். நன்னூலார் கூறும் பத்து அழகுகளுள் சுருங்கச் சொல்லலும் விளங்க வைத்தலும் அந்நூலில் குறைவின்றி உள்ளன.

சி மொழியில் எழுத்துகளின் கோவைக்கு ஆங்கிலத்தார் இட்ட பெயரை நம்மவர் சரம் என்று தமிழாக்கினர். நல்ல தமிழாக்கம். பூக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நாரில் தொடுக்கப்படுவதுபோல, எழுத்துகள் கணிப்பொறியின் நினைவகத்தில் அடுத்தடுத்த சிறு அறைகளில் வைக்கப்படுகின்றன. ஓர் அறைக்குப் பைட்டு என்று பெயர். ஒரு பைட்டில் 0 முதல் 255 வரையிலான எண்களுள் ஒன்று தங்கும். ஆங்கிலத்தின் பெரிய ஏ எழுத்துக்கு 65, இடைவெளிக்கு 32 என ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. பொறி அறிந்தது எண்ணையன்றி எழுத்தை அன்று.

இனி, சரம் எவ்விடத்தில் முடிகிறது என்பதைப் பொறி எவ்வாறு அறியும்? கடைசி எழுத்தை அடுத்த அறையில் பூச்சியம் வைக்கப்படுகிறது. அதுவே முடிச்சு. 'பூ' என்ற எழுத்தைக் கண்டவுடன் சொல் முடிந்தது என்று நாம் கண்ணால் காண்போம். பொறியோ பூச்சியத்தைக் காணும்வரை படித்துக்கொண்டே செல்லும். திருக்குர்ஆனில் வசனத்தின் இறுதியில் இடப்பெறும் வட்டக்குறியை நாம் ஓதுவதில்லை. ஆயினும் அது பக்கத்தில் இடம் கொள்கிறது, வசனம் நிறைவுற்றதை அறிவிக்கிறது. விளக்கம் கருதியே இதனைச் சொன்னேன். அதுபோன்றே சரத்தின் நீளத்தை எண்ணும்போது பூச்சியம் கணக்கில் சேர்வதில்லை. ஆனால் அதற்கும் ஓர் அறை ஒதுக்கியாக வேண்டும். ஐந்தெழுத்துச் சொல்லுக்கு ஆறு அறை. சி பயிலும் மாணவர் முதலில் இடறுவது இவ்விடத்தில்தான்.

முடிவுக்குறி இடாமல் தொடக்கத்திலேயே நீளத்தை எழுதிவைக்கும் வழியும் இருந்தது. சியின் பாட்டியாகிய பிசிபிஎல் மொழி அவ்வாறுதான் செய்தது. அதிலிருந்து பிறந்த பி மொழியில் முடிவுக்குறி வந்தது. அதன் மகளாகிய சி அதனை ஏற்றுக்கொண்டது. நீளத்தை ஒரே சிற்றறையில் எழுதினால் சரம் அந்த அறை தாங்கும் அளவுக்கு மேல் வளர இயலாது என்பதும், எண்ணிக்கையை ஓயாமல் திருத்திக்கொண்டிருப்பதைவிட இறுதியில் ஒரு குறி இடுவது எளிது என்பதுமே காரணம் எனச் சி மொழியை ஆக்கிய டென்னிஸ் ரிச்சி பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். காரணம் பொருத்தமானதே. ஆயினும் அதன்வழி ஒரு பெரும் பொறுப்பு நிரல் எழுதுபவர் தலையில் ஏறியது. சரம் எங்கே முடிகிறது, அதற்கு எவ்வளவு இடம் உண்டு என்பதைச் சி மொழி தானாகக் காவாது. எழுதுபவர்தாம் காக்க வேண்டும்.

காவாவிடில் வருவது யாது என்பதற்கு ஒரு வரலாறே உண்டு. விசைப்பலகையிலிருந்து ஒரு வரியைப் பெற்றுக்கொள்ளச் சி மொழியில் கெட்ஸ் என்னும் செயற்கூறு இருந்தது. வருவதை வாங்கி வைக்குமேயன்றி, வைக்குமிடம் எவ்வளவு என்று அது வினவாது. நாழி கொள்ளும் கலத்தில் மரக்கால் நெல்லைக் கொட்டும் ஏவலாள் போன்றது அது. 1988 நவம்பர் 2ஆம் நாள், அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ராபர்ட் மோரிஸ் இணையத்தில் ஒரு நிரலைப் பரவவிட்டார். பல கணிப்பொறிகளில் இயங்கிக்கொண்டிருந்த ஃபிங்கர் என்னும் சேவை நிரல் கெட்ஸைப் பயன்படுத்தியிருந்தது. அதில் ஒதுக்கப்பட்ட இடம் 512 பைட்டு. மோரிஸின் நிரல் அனுப்பியது 536 பைட்டு. மிகுந்த பகுதி பக்கத்து அறைகளில் வழிந்தது. வேலை முடிந்தபின் பொறி திரும்பிச் செல்ல வேண்டிய முகவரி எழுதப்பட்டிருந்த அறையும் அவற்றுள் ஒன்று. முகவரி மாறியமையால் பொறி வந்த வழியே மீளாமல், வந்தவனின் ஏவலுக்கு ஆட்பட்டது. சில ஆயிரம் கணிப்பொறிகள் முடங்கின. மோரிஸுக்கு 1990ஆம் ஆண்டில் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரச் சமூகத் தொண்டும், தண்டத்தொகையும் விதிக்கப்பட்டன. கெட்ஸ் மட்டும் மேலும் இருபதாண்டுக்கு மேல் மொழியில் நிலைத்திருந்தது. 2011 திசம்பரில் வெளியான சி மொழித் தர நூலிலேதான் அது அடியோடு நீக்கப்பட்டது. ரிச்சி அவ்வாண்டு அக்டோபரில் மறைந்துவிட்டார்.

நிற்க. நம் கல்லூரிக்கு இவ்வளவு தொலைவு வேண்டா. வருகைப் பதிவேடே போதும். பெயரைப் பெறுவதற்கு மாணவர்கள் முதலில் கற்கும் செயற்கூறு ஸ்கேன்எஃப் என்பது. விழுக்காட்டுக் குறியும் எஸ் எழுத்தும் இட்டு ஏவினால், அது ஒரு சொல்லைப் பெற்றுத் தரும். ஒரு சொல் என்பதைக் கவனிக்க வேண்டும். இடைவெளியைக் கண்டவுடன் அது நின்றுவிடும். முதலில் பெயர், அடுத்துத் தந்தை பெயர், அதனையடுத்து ஊர் என மூன்றையும் வினவும் ஒரு நிரலில், மாணவர் ஒருவர் முஹம்மது இப்ராஹீம் என்று தம் பெயரைத் தட்டினார் என்று கொள்வோம். நிரல் பெயராக முஹம்மதுவை மட்டும் எடுத்துக்கொள்கிறது. எஞ்சிய இப்ராஹீம் வாயிலில் காத்து நிற்கிறது. தந்தை பெயர் என்ன என்ற வினா திரையில் தோன்றியவுடன், மாணவர் விரலை அசைக்கும் முன்பே, காத்து நின்ற இப்ராஹீம் உள்ளே புகுந்து தந்தையின் இடத்தில் அமர்கிறது. பின்னர் மாணவர் தட்டும் தந்தை பெயர் ஊரின் கட்டத்தில் விழுகிறது. அவ்வகுப்பின் பட்டியலை அச்சிட்டால், பெயர் நிரலில் வரிக்கு வரி முஹம்மது, முஹம்மது என்றே காணலாம். ஒவ்வொருவரும் தம் பெயரின் பிற்பாதிக்கே மகனாகியிருப்பர். நபிப்பெயரை முன்னிறுத்திப் பிள்ளைகளுக்குப் பெயரிடும் நம் சமுதாயத்தில் இந்நிரல் ஒரு நாளும் சரிவர இயங்காது.

இது நகைப்புக்குரிய செய்தி அன்று. பெயர்க் கட்டத்தின் நீளம் போதாமையால் பெயரின் கடைப்பகுதி துண்டிக்கப்பட்டு வந்த ஒரு சான்றிதழை நான் கண்டிருக்கிறேன். எவ்வலுவலகம் வழங்கியது என்பது ஈண்டு வேண்டா. மூன்று சொல்லால் ஆன பெயரில் மூன்றாம் சொல் பாதியில் நின்றிருந்தது. கடவுச்சீட்டில் முழுப் பெயர். இரண்டும் ஒருவரே என்று மெய்ப்பிக்க அந்த மாணவர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, கையொப்பத்துக்காக வாயில் வாயிலாக நடந்தார். வளைகுடா வேலைக்கான நேர்முகத்தேர்வு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவருடைய தாயார் துறை வாசலில் வந்து நின்று, "பேருல என்ன சார் தப்பு? நாங்க வச்ச பேருதானே?" என்று கேட்டார்கள். பெயரில் தவறில்லை. அதற்கென ஒதுக்கிய அறைகள் குறைவு.

ஆங்கில எழுத்துக்கே இந்நிலை எனில், தமிழெழுத்துக்கு நிகழ்வது யாது? இனித்தான் அந்தப் பதினைந்துக்கு வருகிறோம். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் ஒருங்குறி முறையின் முதற்பதிப்பு 1991இல் வெளியாயிற்று. அதிலேயே தமிழும் இடம்பெற்றது. அம்முறையில் 247 எழுத்துக்கும் தனித்தனி எண் இல்லை. உயிரெழுத்துகளுக்கும், அகரமேறிய மெய்களுக்கும், கால் கொம்பு முதலிய துணைக்குறிகளுக்கும், புள்ளிக்கும் தனி எண் உண்டு. எனவே 'மி' என்பது மகரமும் இகரக்குறியும் சேர்ந்த இரண்டு, 'ழ்' என்பது ழகரமும் புள்ளியும் சேர்ந்த இரண்டு, தகரம் ஒன்று. ஆகத் 'தமிழ்' ஐந்து குறிகள் ஆகிறது. யூடிஎஃப்-8 என்னும் முறையில் சேமிக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டு வேண்டும். ஐந்தை மூன்றால் பெருக்கப் பதினைந்து. சி மொழியின் ஸ்ட்ர்லென் பூச்சியம்வரை பைட்டுகளை எண்ணுவதன்றி வேறறியாது. பிற்கால மொழிகளுள் பைத்தான் அச்சொல்லை ஐந்து என்கிறது. சுவிஃப்ட் மொழி மூன்று என்கிறது. நம் முதல் வகுப்புக் குழந்தையோடு ஒத்துப்போவது அஃதொன்றே.

யூடிஎஃப்-8 முறையை 1992ஆம் ஆண்டில் வகுத்தவர்கள் கென் தாம்சனும் ராப் பைக்கும். பி மொழியை ஆக்கிய அதே தாம்சன்தான். எந்த மொழி எழுத்தின் பைட்டும் பூச்சியமாக அமைந்துவிடாதபடி அவர்கள் அம்முறையை அமைத்தார்கள். ஆதலால் பூச்சியத்தை முடிச்சாகக் கொண்ட பழைய சரத்திலும் தமிழ்ப் பெயர் நடுவில் அறுபடாமல் இடம்பெற முடிகிறது. பெரிய உதவிதான். இடம் போதுமா என்பதை மட்டும் அம்முறை பார்த்துக்கொள்ளாது.

ஹுசைன் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். எழுத்து மூன்று, குறி ஆறு, பைட்டு 18. பூச்சியத்தையும் சேர்த்தால் 19 அறை தேவை. மூன்றெழுத்துப் பெயர்தானே, 16 அறை தாராளம் என்று ஒருவர் ஒதுக்கிவைத்தார். அவர் கவனமுள்ளவர், கெட்ஸை விடுத்து, இட அளவை அறிந்து நிறுத்தும் எஃப்கெட்ஸைக் கையாண்டார். அது 15 பைட்டை எடுத்துக்கொண்டு பூச்சியமிட்டு முடித்தது. கிடைத்தது 'ஹுசைன'. புள்ளி மட்டும் உள்ளே வரவில்லை. வாயிலில் நின்ற அந்தப் புள்ளியும், அதன் பின் தட்டிய வரிமுடிவுக் குறியும் அடுத்த வினாவுக்கு விடையாகச் சென்றன. தந்தை பெயர் என்ற கட்டத்தில் எழுத்தின்றித் தனித்த ஒரு புள்ளி! ஒதுக்கீடு 18 அறையாக இருந்திருப்பின் நிலைமை வேறு: 17 பைட்டு உள்ளே வந்து, புள்ளியின் மூன்று பைட்டுகளில் இரண்டு மட்டும் சேர்ந்து, திரையில் கறுப்புச் சாய்சதுரத்துள் ஒரு வினாக்குறி தோன்றும். அக்குறியை நம்மில் பலர் கண்டிருப்போம். அதனுள்ளே பாதிப் புள்ளியொன்று இருக்கிறது என்பதை எண்ணியிருக்க மாட்டோம்.

மெய்யெழுத்தின் இயல்பே புள்ளியொடு நிற்றல் என்பது தொல்காப்பியர் கொள்கை. ஒருங்குறியோ அகரமேறிய எழுத்தை முதலாகக் கொண்டு புள்ளியை மேலே ஏற்றுகிறது. இதனைத் தமிழுக்கு இழைத்த கேடு என்று மேடையில் முழங்குவோர் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. புள்ளி நீங்கிய வடிவமே அகரமேறிய உயிர்மெய்யின் வடிவம் என்பதனையும் தொல்காப்பியரே கூறியுள்ளார். ஒலியை நோக்கின் மெய் முந்தியது. வரிவடிவை நோக்கின் ஒருங்குறியின் முறைக்கும் இடமுண்டு. எல்லா எழுத்துக்கும் தனி எண் தரும் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தைத் தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டில் ஒருங்குறியோடு சேர்த்து ஏற்றது. ஆயினும் உலகெங்கும் புழக்கத்தில் நின்றது ஒருங்குறியே.

ஏட்டுச்சுவடிகளில் புள்ளி பெரும்பாலும் இடப்பெறவில்லை என்பது நாம் அறிந்தது. படித்தவர்கள் இடம் நோக்கி மெய்யா உயிர்மெய்யா என்று தெளிந்தார்கள். பொறிக்கு அந்தத் தெளிவு இல்லை. அதற்கு 'ஹுசைன' என்பது வேறு ஆள். அரபுத்தமிழை எண்ணிப்பார்த்தால் இது மேலும் விளங்கும். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்ற பெருமக்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதியபோது, தமிழின் ஒவ்வொரு மெய்யொலிக்கும் மேலே சுக்கூன் இட்டார்கள். மதரசாவில் அலிஃபுக்கு ஜபர் அ, ஜேர் இ, பேஷ் உ என்று ஓதிய நம் பிள்ளைகளுக்குச் சுக்கூன் என்பது உயிரில்லாத எழுத்தின் அடையாளம் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. நம் புள்ளியும் அதே பணியைத்தான் செய்கிறது. கணிப்பொறிக்குள்ளும் இரண்டும் ஒரே வகை: எழுத்தின்மேல் ஏறும் தனிக்குறி. அரபுக் குறிக்கு இரண்டு பைட்டு, தமிழுக்கு மூன்று என்பதே வேறுபாடு.

அகரவரிசையிலும் இதே சிக்கல் உண்டு. ஸ்ட்ர்கம்ப் என்னும் செயற்கூறு இரு சரங்களைப் பைட்டு பைட்டாக ஒப்பிட்டு எது முந்தியது என்று கூறும். அதன்படி 'அகம்' முன்னும் 'அக்கா' பின்னுமாக வரும். புள்ளியின் எண் மகரத்தின் எண்ணைவிடப் பெரிது என்பதே காரணம். நம் அகராதிகளில் மெய் முன், உயிர்மெய் பின். றன்னகரம் நகரத்தை ஒட்டி வந்துவிடும். வகரம் ழகர ளகரங்களுக்குப் பின்னே தள்ளப்படும். சிறுவர்க்கும் தெரிந்த விகடகவி என்ற சொல்லைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பச் சொன்னால், குறிகளைத் திருப்பும் நிரல் இகரக்குறியை முதலில் நிறுத்திவிடும். இரண்டும் ஒன்றல்ல என்று தீர்ப்பும் கூறிவிடும். மாலைமாற்றில் முழுப் பதிகமே பாடிய ஞானசம்பந்தர் இத்தகைய நிரலிடம் தேறமாட்டார்.

என் வகுப்பில் கணிப்பொறி அறிவியல் பயிலும் மாணவர் ஒருவர் இக்குறைகளுக்கு ஒரு வழி கண்டார். இட அளவை நூற்றுக்கணக்கில் உயர்த்தினார். வரி முழுவதையும் எஃப்கெட்ஸால் பெற்று, இறுதியில் ஒட்டிவரும் வரிமுடிவுக் குறியை நீக்கினார். எழுத்தை எண்ணும்போது துணைக்குறிகளையும் புள்ளியையும் தனியே எண்ணாமல் முன்னெழுத்தோடு சேர்த்தார். தமிழ் மூன்றாயிற்று, ஹுசைனும் மூன்றாயிற்று. விகடகவியும் மாலைமாற்றென ஒப்புக்கொள்ளப்பட்டது. பட்டியலில் ஃபாத்திமா என்ற பெயர் வந்தபோது நிரல் ஐந்து என்றது. "ஐயா, இது நான்கா, ஐந்தா?" என்று அவர் வினவினார். நல்ல வினா. ஆய்தம் குற்றெழுத்தின் பின்னும், உயிரொடு கூடிய வல்லெழுத்தின் முன்னும் வருவது. சொல்லின் முதலில் வாராது. இங்குள்ளது ஆய்தம் அன்று. அரபின் ஃபா ஒலியைக் காட்டப் பகரத்துக்கு முன் இட்ட அடையாளமே. எனவே நான்கு என்று கொள்ளச் சொன்னேன்.

அவர் அவ்விதியை அப்படியே நிரலாக எழுதினார். குற்றெழுத்துக்குப் பின்னும் வல்லின உயிர்மெய்க்கு முன்னும் நின்றால் ஆய்தம், தனியெழுத்து. அல்லாவிடில் அடுத்த எழுத்தோடு சேர்வது. அஃது என்பது மூன்றாகவே நின்றது. ஃபாத்திமா நான்கு. லத்தீஃப் என்ற பெயரில் முன்னே நிற்பது நெடில் ஆதலால் அதுவும் நேராயிற்று. ஈராயிரம் ஆண்டுப் பழைமை வாய்ந்த நூற்பா ஒன்று சி மொழியில் நான்கு வரியாக இயங்குவதைத் திரையில் கண்டு துறை ஆசிரியர்கள் மகிழ்ந்தோம்.

மறுவாரம் அவர் மீண்டும் வந்தார். "ஐயா, என் தம்பி பெயர் ஷஃபி. முன்னால் குறில், பின்னால் வல்லின உயிர்மெய். நிரல் மூன்று என்கிறது" என்றார். ஷஃபி இரண்டெழுத்துப் பெயர். நூற்பாவின்படி நிரல் கூறுவதும் பிழையன்று. அச்சொல் தமிழா அரபா என்பதைப் பொறி அறிந்தாலன்றி இதற்கு விதி வகுக்க இயலாது. இப்போதைக்கு அத்தகைய பெயர்களைத் தனிப்பட்டியலாக எழுதி நிரலோடு சேர்த்திருக்கிறோம். ரஃபீக், ஹஃபீழ், நஃபீஸா என்று பட்டியல் நீண்டுகொண்டிருக்கிறது.